சோணையம்மாள் சாப்பிடாத இரண்டு நாள்

சிக்கல் ஊர்க்காரி துர்காதேவிக்கு வாய் கொஞ்சம் நீளம். ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். டாக்டரானாலும் சரி, துணைக்கு வந்தவரானாலும் சரி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மறதி நோய் வந்த வயதானவர்களிடம் மட்டும் அந்தக் குரல் பாதியாக இறங்கிவிடும். அப்படிப்பட்டவர்களை அட்மிட் செய்யும்போது, வீட்டில் யாரோடு, எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்று அந்த வார்டில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். காரணம் சோணையம்மாள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் வேலை செய்தே வயதானவர் சோணையம்மாள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. பெற்ற மகன் பாண்டித்துரையையே அடையாளம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கவலை, இரண்டு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வார்.

"சாயந்தரத்துக்குள்ள சாப்பிடலைன்னா மூக்கு வழியா குழாய்தான் போடணும்" என்றார் டாக்டர் மதுமதி.

ட்ரிப்ஸ் ஊசியையே மூன்று முறை பிடுங்கிப் போட்டவர். குழாய் போட்டால் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டியிருக்கும். அதை எப்படியாவது தவிர்த்துவிட வேண்டும் என்று துர்காதேவி நினைத்தார்.

மதியம் பாண்டித்துரை ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து நீட்டினார்.

"நீ சாப்பிட்டியாய்யா?" என்று மெல்லக் கேட்டார் சோணையம்மாள்.

"நீ சாப்பிடு ஆத்தா. பெறகு நான் சாப்பிட்டுக்கிறேன்."

சோணையம்மாள் மறுபடி உதட்டை இறுக்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த துர்காதேவி சட்டென்று திரும்பினார். இதே கேள்வியையும் இதே பதிலையும் நேற்றும் கேட்டோமே, காதை எங்கே வைத்திருந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"அண்ணே, வீட்டுல ஆத்தா எப்ப சாப்பிடும்?"

"எல்லாரும் சாப்பிட்ட பெறகுதான் சிஸ்டர். காட்டுலயும் அப்படித்தான். கூட வேலை பாக்குற ஆளுக கஞ்சி குடிச்சு முடிக்காம தூக்குச்சட்டியத் தொடாது."

"அப்புறம் என்னத்துக்குண்ணே நீங்க பட்டினி கெடக்கீக? அங்கன உக்காந்து, அது கண்ணு முன்னால சாப்பிடுங்க."

"அது பட்டினி கெடக்கையில எனக்கு எப்படி சிஸ்டர் எறங்கும்?"

"எறங்கும். எறக்குங்க."

பாண்டித்துரை கட்டிலருகே உட்கார்ந்து, தனக்கு வாங்கி வைத்திருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். முதல் கவளத்தை வேண்டாவெறுப்பாக மென்றார். பிறகு இரண்டு நாள் பசி தன் வேலையைக் காட்டியது. சோணையம்மாள் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மகன் இலையை மடித்ததும் துர்காதேவி கரண்டியை நீட்டினார். வாய் திறந்தது. எட்டுக் கரண்டி உள்ளே போனது. இனிக் குழாய்க்கு வேலை இல்லை. சந்தோஷத்தில் துர்காதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாயைத் துடைத்துவிடும்போது சோணையம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்து ரகசியமாகச் சொன்னார்:

"யாரு பெத்த புள்ளையோ தாயி, ரொம்பப் பசி போல. ராத்திரிக்கும் அவனுக்குச் சோறு குடுத்துருங்க."

அது பாண்டித்துரைக்கும் கேட்டுவிட்டது.

"ராத்திரிக்கும் உன் முன்னாலயே சாப்பிடுறேன் ஆத்தா" என்றார் அந்த ஐம்பது வயது மகன், அழுதுகொண்டே.