பூஜ்யத்துக்குக் கீழே

எங்கள் காற்று அளவீட்டு அலுவலகத்தில் அவளை எல்லோரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். மொட்டை மாடியிலிருக்கும் பெரிய விளக்கு அவள் பொறுப்பு. அதன் வெளிச்சம் பெயின்ட் ஆலைத் தொட்டிகளையும் வீடுகளையும் தாண்டிப் போய், எதிர்க் கட்டடத்தில் நாங்கள் வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வழியில் ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். திரும்பிய நிறமாலையில் எது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் காற்றில் கலந்திருப்பது தெரியும். பென்சீன் என்கிற நஞ்சைப் பிடிப்பதுதான் முக்கிய வேலை.

குறைகிறது என்று சொல்ல, குறையாத ஒன்று கையில் வேண்டும். அதற்குக் கண்ணாடியை விளக்கின் பக்கத்திலேயே வைத்து வெறும் வெளிச்சத்தைப் பதிய வேண்டும். கண்ணாடியை அங்கே நிறுத்தும் இரும்புச் சட்டம் வந்து சேரவில்லை. மேலதிகாரியோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். ஆலைக்கு விடுமுறையான ஒரு காலை, மழை ஓய்ந்த கையோடு, லைட்டக்கா முழுத் தூரத்துக்கும் வெளிச்சத்தை அனுப்பி அதையே சுத்தக் காற்று என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு எண்கள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றன. சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போயின. இல்லாததைவிடக் குறைவாக ஒன்று எப்படி இருக்கும்? எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும்.

"நம்ம காத்து மலைக்காத்தையே மிஞ்சிடுச்சுக்கா" என்று நான் கிண்டலடித்தேன். அவளும் சிரித்துவிட்டு, கருவியின் தடுமாற்றம் என்று பூஜ்யமாகத் திருத்தினாள்.

அவள் தங்கை, சின்னவள் என்று கூப்பிடும் மகளோடும் புருஷனோடும் ஆலை மதிலை ஒட்டிய வீட்டில் இருந்தாள். தங்கை புருஷன் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எந்நேரமும் ஒரு வாடை அடிக்குதுக்கா. வேற பக்கம் போயிடலாமான்னு பாக்குறேன்."

"வாடை அடிச்சா விஷம்னு அர்த்தமா? நான்தானே அளக்குறேன். கவலைப்படாம இருங்க."

அவர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்?

தங்கைக்கு முதலில் சோர்வு, அப்புறம் ஈறில் ரத்தம், கடைசியில் ரத்தப் புற்றுநோய். அதே சமயம் பழைய விளக்கும் உயிரை விட்டது. புது விளக்குக்குப் புதுப் பதிவு வேண்டும். இந்த முறை இரும்புச் சட்டம் இருந்ததால் முறைப்படி எடுத்தோம். எண் எகிறியது. கருவிதான் கெட்டுவிட்டதென்று நான் ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"ஆலைக்குத்தான் லீவு. தொட்டிக்கு ஏதுடா லீவு?" என்றாள் லைட்டக்கா.

மூடி சரியில்லாத தொட்டி விடுமுறையிலும் ஆவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நஞ்சையும் சேர்த்துத்தான் சுத்தம் என்று பதிந்திருந்தாள். பிறகு வந்த ஒவ்வோர் அளவிலிருந்தும் அது கழிந்துபோனது.

அதனால்தான் தங்கைக்கு நோய் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. "வெளிய தெரிய வேணாம்" என்றார் மேலதிகாரி. அவர் மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. லைட்டக்கா அவர் கண்ணெதிரிலேயே புது எண்ணை ஊர் பார்க்கும் வாசல் பலகையில் ஏற்றிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

தங்கைக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இவரு வீட்ல சன்னலெல்லாம் சாத்தியே வைக்கிறாருக்கா. நல்ல காத்துதான், தொறக்கச் சொல்லு. சின்னவ உள்ளயே புழுங்கிக் கிடக்குறா."

"சாத்தியே இருக்கட்டும்டி. நான் அளந்தது தப்பு" என்று தொடங்கி லைட்டக்கா ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

தங்கை தன் கையைப் பிடித்திருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப சின்னவளுக்கு?"

"இன்னைக்கே கூட்டிட்டு வந்து ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்றேன்."

தங்கை தன் கையை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள்.

"நீ வேணாம்க்கா. அவரே கூட்டிட்டு வரட்டும்."