எட்டு பவுண்டுக்குப் பாஸ்

அர்த்தநாரி இதுவரை கிழித்த பனியன் துணிகளை முடிச்சுப் போட்டு நீட்டினால் திருப்பூரிலிருந்து பல்லடம் வரை போகும் என்று அவருடைய கம்பெனியில் சொல்வார்கள். இது மிகை. பாதி வழியில் இருக்கும் அருள்புரம் வரைதான் போகும்.

கிழிப்பது அவருடைய உத்தியோகம். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் தலைவர். அதன் ஒரே ஊழியரும் அவரே என்பதால் நிர்வாகத்தில் பூசல் இல்லை. அங்கே பர்ஸ்டிங் மெஷின் என்று ஒன்று உண்டு. துணியை வட்டமாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து ரப்பர் தோல் ஒன்று உப்பிக்கொண்டு வரும். துணி தாங்கும், தாங்கும், பிறகு டப். அப்போது முள் எத்தனை பவுண்டில் நின்றதோ அதுதான் துணியின் பலம். நல்ல பனியன் துணி நூறு பவுண்டு வரை போகும். உடையாத எதற்கும் அர்த்தநாரி பாஸ் போட்டதில்லை. உடைந்தால்தானே தெரியும்?

இந்தக் கொள்கை கம்பெனி வாசலோடு நிற்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, உட்காரச் சொல்லி விரித்த ஜமக்காளத்தை வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தவர் அவர். ஒட்டியது. இருந்தாலும் பெண்ணுக்குச் சம்மதம் சொன்னார். "ஜமக்காளம் பெயிலுங்க, நான் பாஸுங்க" என்று பழனியம்மாள் இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. அவர்கள் வீட்டில் ஓட்டையில்லாத போர்வை கிடையாது. எடை பார்ப்பதற்காக ஒவ்வொன்றிலும் உள்ளங்கையளவு வட்டம் வெட்டப்பட்டிருக்கும். குளிர்காலத்தில் அந்த ஓட்டை எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பொறுத்தே தம்பதியின் ஒற்றுமை அமைந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் மற்ற ஆண்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்குவார்கள். அர்த்தநாரி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். முதலாளி ஒருவரின் மகன் கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற ஜப்பான் கார், சிவப்பு, இரண்டே கதவு, தரையை ஒட்டிய இருக்கை. அந்த மாடலை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. மாற்று இன்ஜின் இந்தியாவில் எங்கும் கிடைக்காது என்று விற்றவர்களே சொன்னார்கள், பெருமையாக.

"இது காருங்களா, கெணறுங்களா? எறங்கறதுக்கு ஏணி வேணுமாட்ட இருக்குது" என்றார் பழனியம்மாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் குண்டடத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அதில் போய் இறங்கியபோது தெருவே வெளியே வந்து பார்த்தது. அதற்குப் பிறகு ஏணி பற்றிய பேச்சு நின்றுபோனது. சனிக்கிழமையே காரைத் துடைக்கும் வேலையையும் பழனியம்மாளே எடுத்துக்கொண்டார்.

அர்த்தநாரிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன. பிடித்ததைச் சும்மா விடும் பழக்கம்தான் அவருக்கு இல்லை. அருள்புரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சேக் தாவூதிடம் போனார். தாவூது பிழைப்புக்குக் கம்பெனி வேன்களைப் பார்ப்பவர். ஆசைக்கு டர்போ மாட்டுபவர்.

"பாய், இதுக்கு டர்போ போடலாமுங்களா?"

"எங்க தெரு மாவுமில்லுக்கே போடலாமுங்கண்ணா."

டர்போ என்பது வேறொன்றுமில்லை. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை இன்ஜினுக்கு ஊட்டுவது. கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் பலம்.

"எத்தனை பவுண்டுல ஊட்டுவீங்க?"

"ஆறு பவுண்டு."

அர்த்தநாரி சிரித்தார். திருப்பூர்க்காரர் மட்டுமே சிரிக்கக்கூடிய சிரிப்பு. "ஆறா? எங்க பனியனே நூறு பவுண்டு தாங்குதுங்க பாய். அது பஞ்சு. இது இரும்பு!"

தாவூது ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏனுங்கண்ணா, பனியனுக்குள்ள யாராச்சும் பெட்ரோல் ஊத்திக் கொளுத்தறாங்களா? வாயில ஊட்டறதுதான் ஆறு. உள்ள போயிப் பத்திக்கிச்சுன்னா ஆயிரத்துக்கு மேல போகும். அத்தனையும் பிஸ்டனைத் தாங்கற கனெக்டிங் ராடு தலையிலதான் எறங்கும். காரு கம்பெனியே போட்ட ராடு, பிஸ்டன். ஒரு அளவுக்குத்தான் தாங்கும். அதுக்கு மேல போனா இன்ஜின் பக்கத்துல ஓட்டை போட்டுட்டு வெளியில வந்து எட்டிப் பாக்கும்."

ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அர்த்தநாரியின் முகம் மலர்ந்தது. "எத்தனை பவுண்டுல எட்டிப் பாக்கும்?"

"அது பண்ணுன ஜப்பான்காரனுக்கே தெரியாதுங்க. பத்துலயும் போகலாம், பதினஞ்சும் தாங்கலாம். பெட்ரோல் மட்டமா இருந்தா ஏழுலயே போயிரும். ஒடைச்சுப் பாத்தவனுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியறப்ப அவங்கிட்ட காரு இருக்காது."

கடைசி வாக்கியத்தை அர்த்தநாரி கேட்கவில்லை.

டர்போ மாட்டியாயிற்று. கோயம்புத்தூரில் டைனோ வைத்திருக்கும் இடத்துக்குப் போனார்கள். டைனோ என்றால், காரை உருளைகள்மேல் கட்டி வைத்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அதன் குதிரைசக்தியை அளக்கும் இயந்திரம். தாவூது வேனில் வந்தார். பழனியம்மாள் காரில் வந்தார், மடியில் டிபன் கேரியரோடு. "ஒடையறதா இருந்தா நானும் பாக்கோணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

டர்போ இல்லாத காலத்தில் நூற்று ஐம்பது குதிரை. ஆறு பவுண்டில் இருநூற்று ஐந்து. ஏழில் இருநூற்றுப் பதினாறு. அர்த்தநாரி கைகட்டி, பர்ஸ்டிங் மெஷின் முன்னால் நிற்பதுபோலவே நின்றார். எட்டில் இருநூற்று இருபத்தெட்டு. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. தாவூது காதில் மாட்டியிருந்த ஹெட்போனை அழுத்திக்கொண்டு கையை உயர்த்தினார்.

"எட்டுல லேசா நாக்கிங், உள்ள தட்டற சத்தம் கேட்டுச்சுங்க. தீப்பொறி டைமிங்கைக் கொறைச்சிருக்கறேன், இப்ப சுத்தம். இதோட நிறுத்திக்கலாமுங்கண்ணா."

"ஒம்பது போடுங்க."

"எதுக்குங்க?"

"இன்னும் ஒடையலீங்களே பாய்! ஒடையாம எப்படி பாஸ் போடறது?"

நியாயமான கேள்வி. தாவூது தலையைச் சொறிந்தார். "காரு உங்களுது. நீங்க சொன்னா ஏத்தறேன். அப்புறம் சத்தம் வந்தா என்னையத் திட்டக்கூடாது."

பழனியம்மாள் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஏனுங்க, வர்ற ஞாயித்துக்கெழமை குண்டடத்துக்கு எதுல போறதுங்க? பஸ்ஸுலீங்களா?"

அர்த்தநாரி கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

அவருடைய பரிசோதனைக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு, போட்டவரும் அவரே. வெளிநாட்டுக்காரன் மாதிரிக்கு ஒரே ஒரு பீஸ் அனுப்பினால் அதில் கத்தரி படக்கூடாது. ரோலில் மிச்சமிருக்கும் துணியைத்தான் கிழிக்கலாம். ஒற்றைப் பீஸைக் கண்ணால் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதலாளியே ஒருமுறை அப்படி ஒரு பீஸில் கத்தரி வைக்கப் போனபோது, கையைப் பிடித்துத் தடுத்தவர் அர்த்தநாரி. வேலை போனாலும் போகட்டும் என்று தடுத்தார். வேலை போகவில்லை, முதலாளி அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் வருவதில்லை.

அவர் காரைப் பார்த்தார். இன்ஜின் மூடி திறந்திருந்தது. சூட்டில் இன்ஜின் டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஒரே பீஸ். மிச்ச ரோல் எங்குமில்லை.

"பாய்."

"சொல்லுங்கண்ணா."

"எட்டோட நிறுத்துங்க."

"பாஸுங்களா?"

"எட்டு பவுண்டுக்குப் பாஸ்."

"அதுக்கு மேல?"

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் சொல்லியிராத சொல் அது. இருமினார். டிபன் கேரியரைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். "அதுக்கு மேல தெரியாதுங்க" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. தாவூது மட்டும் அதற்கு மேல் ஏறாதபடி ஏழு பவுண்டில் பூட்டு வைத்துவிட்டு, "ஒரு பவுண்டு கையிருப்பா இருக்கட்டுங்க" என்றார். பிறகு மூவரும் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுப் பதினாறு குதிரைகளும் பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனி வேனுக்குப் பின்னால், நடைவேகத்தில் போயின. வேனின் பின்கண்ணாடி வழியாக நான்கைந்து தலைகள் திரும்பி, சிவப்புக் காரை அனுதாபத்தோடு பார்த்தன. டர்போ முள் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை. பல்லடம் தாண்டி ஒரு வைக்கோல் லாரியை முந்தியபோது மூன்று வரை எழுந்து, மறுபடி படுத்துக்கொண்டது. பழனியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்த முள்ளு ஏழுக்கு எப்பங்க போகும்?"

"ரோடு காலியாக் கெடைச்சாப் போகும் அம்மிணி."

"எப்பங்க கெடைக்கும்?"

"தெரியாது" என்றார் அர்த்தநாரி. இந்த முறை இருமவில்லை.

குண்டடத்தில் தங்கை வீட்டுத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். தெரு வெளியே வந்திருந்தது. பழனியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கிணற்றிலிருந்து ஏறுவதற்குத் தயாரானார்.