ரூட்டருக்கு வைத்த சந்தனம்

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஒன்பது மணி. மலேசியாவின் செமோரில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது தாமான் என்னும் குடியிருப்பு ஆகிவிட்ட இடத்தில் எங்கள் வீடு. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு என் கணினி வழியாக நேர்காணல். ஈப்போ தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் ஆப்பரேட்டராக இருந்தவருக்கு சூப்பர்வைசர் ஆக முதல் வாய்ப்பு. எங்கள் வரிசையில் கைப்பேசி சிக்னல் வந்து வந்து போகும். அவர் வீட்டில் வைஃபை கிடையாது. “நம்ம வீட்டுக்கு வாம்மா, என் லைன் ஒருநாளும் படுத்ததில்ல” என்று நான்தான் வீறாப்பாக அழைத்திருந்தேன்.

அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நடைமுறைக் கையேடு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். பூஜையையும் முறைப்படிதான் செய்வேன். அன்று கருவிகளுக்கு ஓய்வு என்பதால் ரூட்டரை அணைத்து, வயர்களை எல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மறுநாள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் செருகி சுவிட்சைப் போட்டால், பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக மினுக்கியது.

அணைத்தேன். முப்பது வரை எண்ணினேன். போட்டேன். சிவப்பு. வேறு பிளக்கில் மாற்றினேன். அப்போதும் சிவப்பு. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அழைப்பை எடுத்த பெண் ஒவ்வொரு படியாகச் சொல்ல, அடுத்த படியை அவருக்கு முன்பே நான் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியாக ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். ஒன்றுமே மாற்றவில்லை என்றேன். மறுநாள் ஆள் வருவாராம்.

“நேத்து நீங்க கழட்டுற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றாள் மனைவி.

“நான் கழட்டுனது சாமிக்கு. இது கம்பெனிக்காரன் கோளாறு” என்றேன்.

ஒன்பது நாற்பதுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணி புதுப் புடவையில் வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. “பரவால்ல அண்ணே, மோட்டார் சைக்கிள்ல ரோட்டுப் பக்கம் போறேன். போன்ல லைன் கிடைச்சா பேசிடுறேன்.”

“சாலையோரத்துல லாரிச் சத்தத்துலயா இன்டர்வியூ? பத்து நிமிஷம் குடும்மா, இத எழுப்பாம விடமாட்டேன்.”

மறுபடியும் அணைத்து எண்ணத் தொடங்கினேன். அவர் குனிந்து ரூட்டரின் பின்பக்கம் பார்த்தார். மெல்லிய கண்ணாடி இழை வயரைக் காட்டி, “அண்ணே, இதையும் கழட்டித் தொடச்சீங்களா?” என்றார்.

“பின்ன, அழுக்கோடயா சாமி முன்னால வைப்பேன்?”

“எந்தக் கையால?”

சந்தனம் குழைத்த கையால். மனைவிதான் முந்திக்கொண்டு சொன்னாள்.

“அய்யோ அண்ணே! எங்க ஃபேக்டரில இந்த வயர்தான் செய்யறோம். முனையில விரல் பட்டா அன்னிக்குச் சோறு இறங்காது, அவ்ளோ ஏச்சு விழும் லா!”

வயரைக் கழற்றி நுனியைக் கண்ணருகே கொண்டுபோனேன். “கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க, உள்ள லேசர் ஒளி வரும்!” என்று அதட்டி வாங்கிக்கொண்டார். மனைவி இன்சுலின் போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சைக் கேட்டு வாங்கி, நுனியை ஒரே ஒரு முறை துடைத்தார். காயவிட்டு, என் மூக்குக்கண்ணாடித் துணியால் இன்னொரு முறை. ‘டக்’ என்று செருகினார். “இனிமே யாரும் தொடக்கூடாது. முக்கியமா நீங்க.”

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்துக்கு மூன்று நிமிடம் இருந்தபோது பச்சை எரிந்தது.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் நான் ரூட்டருக்குக் காவல் இருந்தேன், மூன்றடி தள்ளி. வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு. “பழுது வந்தா மொதல்ல என்ன செய்வேன்னு கேட்டாங்க அண்ணே. கடைசியா யாரு எதைத் தொட்டாங்கன்னு கேப்பேன்னு சொன்னேன்.”

அடுத்த மாதம் அவருக்கு அந்த வேலை கிடைத்தது.

இந்த ஆண்டு பூஜையில் ரூட்டரின் தலையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன், வயரைத் தொடவில்லை. ‘கடைசியாகத் தொட்டது யார்?’ என்பது முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் நான் பிறரைப் பார்த்துக் கேட்ட கேள்விதான். இப்போதெல்லாம் வீட்டில் எது நின்றுபோனாலும், அடுத்தவரைக் கேட்பதற்கு முன்னால் என் விரல்களைத்தான் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.