அக்காவும் அலுமினியக் கட்டையும்

எங்கள் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். எதையாவது கழற்றுவாள். அப்பாவோடு சண்டை என்றால் மிக்ஸி, அம்மாவோடு என்றால் இஸ்திரிப் பெட்டி. என்னோடு சண்டை வந்த அன்று என் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டாள். திரும்ப மாட்டியபோது, வெகுநாளாகப் பிடிக்காத பிரேக் பிடித்தது. தெருவில் அவளுக்கு 'ஸ்க்ரூ' என்று பெயர். வைத்தது யார் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. வைத்தவனுக்குக் கிடைக்க வேண்டியது அன்றைக்கே கிடைத்துவிட்டது.

இன்னும் கட்டாத கட்டடங்களைப் படமாக ஓட்டிக் காட்டுவது அவள் வேலை. படித்தது வேறு. இதை அவளாகவே கற்றுக்கொண்டாள். வரைபடம் வந்தால் கம்ப்யூட்டருக்குள் சுவர் எழுப்பி, கதவு வைத்து, தரையில் வெயில் விழவைத்து, நாமே உள்ளே நடந்து போவது போல ஒரு படம் செய்வாள். கடைசியில் ஒவ்வொரு காட்சியையும் தீட்டி முடிக்க வேண்டியது கம்ப்யூட்டர். அதற்கு ரெண்டர் என்று பேர். எங்கள் கம்ப்யூட்டர் பழசாக வாங்கியது. விற்றவன் யாரென்று தெரியாது, ஏன் விற்றான் என்று தெரியும்.

மத்தியானம் ஆனால் அறை கொதிக்கும், அதோடு கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரும் கொதிக்கும். கருகிப்போகாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணக்கு வகுப்பில் நான் செய்வதும் அதுதான், ஆனால் என்னை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை. இப்படி அக்காவின் இரண்டு படங்கள் தாமதமாகப் போயின. வேலை கொடுக்கிறவர் சதா காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பேசுவதால் எங்கள் வீட்டில் அவர் பெயர் ஹெட்செட். அடுத்ததும் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரிந்தது.

அப்பா அலுமினியச் சன்னல் செய்யும் பட்டறையில் ஃபிட்டர். கையால் தொட்டுப் பார்க்க முடியாததை அவர் வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. பட்டறை முன்னறையில் அளவு குறிக்கவும் போன் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்கா வருவாள் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு மிக்ஸி போயிற்று. பிறகு அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். ஹெட்செட் கொடுத்த ஆஸ்பத்திரிக் கட்டடப் படத்தைத் திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பிவிட்டால், பட்டறைப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

"அனுப்ப முடியலன்னா?" என்றார் அப்பா.

"நானே வந்து உங்க பைக்ல ஏறிக்கிறேன்."

அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான். ரெண்டும் ஒரே அச்சு, நடுவில் நாம் மாட்டிக்கொண்டோம் என்று அம்மா என்னிடம் புலம்பிவிட்டுத் துணிக்கடைக்குப் போய்விட்டாள். அங்கே அவள் பில் போடுகிறாள்.

ப்ராசஸர் என்பது உள்ளங்கையில் பாதிகூட இல்லாத சில்லு. மேலே ஓர் உலோக மூடி ஒட்டியிருக்கும். சூட்டைக் கடத்த மூடிக்குள் தடவிய பசை வருஷக்கணக்கில் காய்ந்து மண்ணாகிவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. மூடியைப் பிளேடால் அறுத்துத் திறந்து, பசையைச் சுரண்டி, அங்கே திரவ உலோகம் தடவினால் சூடு இறங்கும். இறங்கினால், செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலேயே அதை விரட்டலாம். ஆனால் பிளேடு ஒரு நூல் ஆழமாகப் போனாலும் சில்லு செத்தது. மாற்றுக்கு வேறு இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் பிளேடை எடுத்தாள். போனில் டார்ச் அடித்துக் காட்டுவது என் பொறுப்பு.

"தும்மல் வந்தா முன்னாடியே சொல்லிடு."

"தும்மல் என்ன டிக்கெட் எடுத்துட்டா வரும்?"

"வராம பாத்துக்கோடா" என்றாள். பிளேடை மூடியின் ஓரத்தில் வைத்தாள்.

வேறு நாளாக இருந்தால் வராத தும்மலை வரவழைத்திருப்பேன். அன்று மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன்.

மூடி வந்தது. சில்லுக்கு ஒரு கீறலும் இல்லை. கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஒருவனிடமிருந்து வாங்கி வந்த ஊசிக்குழலில் திரவ உலோகம் பாதி மிச்சமிருந்தது. அட்டைப் பெட்டியோ குறிப்புச் சீட்டோ அதோடு வரவில்லை. வெள்ளியாக உருண்டு ஓடிய துளியைப் பஞ்சுக்குச்சியால் பரப்பி மூடியைத் திரும்ப ஒட்டினாள். சாதாரண ஆள் அங்கே நிறுத்தியிருப்பான். ஆனால் மூடியின் மேல் சூட்டை உறிஞ்ச உட்கார்ந்திருக்கும், சீப்பு மாதிரி பல் பல்லாக உள்ள அலுமினியக் கட்டையின் அடிப்பாகம் சொரசொரப்பாக இருந்தது அவள் கண்ணில் பட்டுவிட்டது. அப்பாவின் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள். தன் முகம் தெரியும்வரை தேய்த்தாள். குழலில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அங்கேயும் தடவி, கட்டையை இறுக்கினாள்.

சூடு மளமளவென்று இறங்கியது. அவள் வேகத்தை ஏற்றினாள், பிறகு இன்னொரு படி ஏற்றினாள். ஆஸ்பத்திரி வராந்தாவும் படுக்கைகளும் திரையில் ஓடி வந்தன. சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்து என்னவாம் என்று கேட்டார். பறக்குது என்றேன். தட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். அது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சூடு மறுபடி ஏறியது. அக்கா வேகத்தைக் குறைத்தாள், அப்போதும் ஏறியது. விசிறி அலறியது, திரை அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. ஆஸ்பத்திரியின் மொட்டைமாடித் தோட்டம் மட்டும் பாக்கி. இலை இலையாகத் தீட்ட வேண்டிய, இருப்பதிலேயே கனமான பகுதி.

திருகாணிகளைக் கழற்றிக் கட்டையைத் தூக்கினாள். முகம் தெரிந்த இடம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு மூலை அவள் விரலோடு உதிர்ந்து வந்தது. என் வாயில் ஒரு நக்கல் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

போனில் தேடிப் படித்தாள். அந்தத் திரவம் அலுமினியத்துக்குள் ஊறிப்போய் அதைப் பொடியாக்கிவிடுமாம். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய தோல் உண்டு, ஓரளவுக்கு அது தடுக்குமாம்.

"அந்தத் தோலைத்தான் நான் தேய்ச்சு எடுத்திருக்கேன்" என்றாள்.

சோம்பல்பட்டுத் தேய்க்காமல் விட்டிருந்தால் ஒருவேளை கட்டை திங்கட்கிழமை வரைக்கும் தாங்கியிருக்கும். அவளுக்குச் சோம்பல் வராது.

அப்பா எழுந்து வந்து உதிர்ந்த துண்டை எடுத்தார். வாழ்நாளெல்லாம் அறுத்த உலோகம். இரண்டு விரலால் அழுத்தினார். சத்தமே இல்லாமல் ஒடிந்தது. நன்றாகத் தெரிந்தவர் திடீரென்று அந்நியர்போல நடந்துகொண்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார்.

"இது அலுமினியமே இல்ல" என்றார், அக்காவிடமே.

"அலுமினியம்தான்ப்பா. நான்தான் கெடுத்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது கையில் பற்கள் கொண்ட ஒரு தடித்த அலுமினியச் சட்டத் துண்டு, அளவாக அறுத்தது. அதற்குள் அக்கா மூடியின் மேலிருந்த திரவத்தைத் துடைத்துத் துடைத்து விரலெல்லாம் கருத்துப்போயிருந்தாள். அப்பா பழக்கதோஷத்தில் உப்புத்தாளை எடுத்தார்.

"தேய்க்காதீங்கப்பா. அப்படியே குடுங்க."

பிசிறைத் தேய்த்து எடுக்காத வேலையைக் கைமாற்ற அவருக்கு மனசே வரவில்லை. கொடுத்தார். சாதாரணப் பசை வைத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறுக்கினார்கள். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. ஆனால் பாதி வேகத்துக்கு மேல் போனால் அணைந்தது. இலைகள் ஒவ்வொன்றாக வந்தன.

திங்கட்கிழமை காலையில் தோட்டத்தில் பாதி இன்னும் தீட்டாத வெறும் கட்டமாக இருந்தது. அக்கா முடிந்தவரை அனுப்பிவிட்டு ஹெட்செட்டுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னாள். அவர் நன்றி சொன்னார், மிச்சத்தை வேறு ஆள் செய்துகொள்வார் என்றார். இப்போதும் மரியாதையாகத்தான்.

அவள் பையை மாட்டிக்கொண்டு பைக் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா வண்டி சீட்டைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது.

"இன்னிக்கே வரணும்னு இல்லம்மா" என்றார்.

"சொன்னது சொன்னதுதான்ப்பா. எடுங்க."

என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். கம்ப்யூட்டரை அணைக்காதே, அது முடிக்கட்டும். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கு வயிற்றுவலி சொல்லிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாலையில் கடைசி மரம் நிரம்பியதும் பட்டறைக்குப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள், பட்டறைப் பெயரைச் சொல்லி வணக்கம் என்றாள்.

"முடிஞ்சிடுச்சுக்கா. தோட்டம் நல்லா இருக்கு."

பின்னால் ஓடிய ரம்பச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"சூடு எவ்வளவு காட்டுது?"

சொன்னேன்.

"சரி, ஆஃப் பண்ணிடு" என்றாள்.