சத்தியக்கடதாசியின் ஐந்தாம் பந்தி

போன சனிக்கிழமை ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கம்பனிப் பிரதிநிதி. டை கட்டிய இளைஞர். புதிய சவர்க்காரப் பெட்டி ஒன்றைக் கடை முதலாளியிடம் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது தோட்டத்து ஆளுங்களுக்குன்னே செஞ்சது மொதலாளி. படம் பெருசு, எழுத்து சிறுசு. அவங்க என்ன படிச்சுப் பாத்தா வாங்கப் போறாங்க?"

முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, நானும் தோட்டத்து ஆளுதான். அந்தப் பெட்டிய இப்படிக் குடுங்க. பின்னால என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்றேன்."

அவர் பெட்டியைத் தரவில்லை. ஹட்டன் குளிரில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பையை மூடினார்.

"விடுங்க மிஸ், யாவாரத்துக்குச் சொல்றாரு" என்றார் முதலாளி.

விடுவதா? என் தொழிலே இந்தப் பேச்சை விடாததில்தான் ஆரம்பித்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் சட்டத்தரணி என்பது தெரியும். எப்படி ஆனேன் என்று எழுதியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம். போட்ட இடம், புலமைச் சொத்து வழக்குப் பிரிவு. ஒருவருடைய பெயரை, படத்தை, லேபிளை இன்னொருவர் எடுத்துப் போட்டு விற்றால் அங்கேதான் வழக்கு வரும்.

வட்டவளைக்கு மேலே, தோட்டத்தில், அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"சொத்துக் கேஸா? காணியா?"

"காணியில்லம்மா. கண்ணுக்குத் தெரியாத சொத்து."

"அது சரி. நமக்குத்தான் கண்ணுக்குத் தெரியிற சொத்து ஒண்ணுமே இல்லையே. பொருத்தமாத்தான் போட்டிருக்காங்க."

நிறுவனத்தில் முதல் வேலை, லேபிள் ஒட்டுவது. அசலை இடது பக்கம், நகலை வலது பக்கம். நிறம், எழுத்து, படத்தின் இருப்பு, மூடி... வித்தியாசத்தையும் ஒற்றுமையையும் வரிசையாக எழுத வேண்டும். மற்ற ஜூனியர்களுக்கு அலுப்பு. எனக்கோ பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் கரண்டிகளைக்கூட அளவு வரிசையில் மாட்டுகிறவள் நான்.

அப்போதுதான் அந்தத் தைல வழக்கு வந்தது.

எங்கள் கட்சிக்காரரின் தைலத்தில் கொக்குப் படம் இருக்கும். பச்சை மூடி. மலையகம் முழுக்கக் 'கொக்குத் தைலம்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். திடீரென்று இன்னொரு தைலம் கடைகளுக்கு வந்தது. அதே போத்தல், அதே பச்சை மூடி. அதிலும் ஒரு பறவை ஒற்றைக் காலில் நின்றது, முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டு. வெட்கப்பட்டிருக்குமோ என்னவோ.

என் சீனியர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தவர். நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்றால் எதிர்ப்பக்கம் தண்ணீர் குடிக்கும்.

"நீர் ஹட்டன் பக்கம்தானே? அங்கத்தைத் தமிழ் உமக்குத்தான் சரிவரும். மாறி வாங்கின ஒரு பொம்பிளையைக் கட்சிக்காரரின்ர ஆக்கள் கண்டுபிடிச்சிருக்கினம். இந்தச் சத்தியக்கடதாசியில கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும். திங்கட்கிழமை வழக்கு. அவவின்ர கையெழுத்து இல்லையெண்டால் நாங்கள் போய் நிண்டு பிரயோசனமில்லை."

சத்தியக்கடதாசி என்பது சாட்சி சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலம். ஏமாந்த ஆள் ஒருவராவது இருந்தால்தானே ஏமாற்று என்று சொல்லலாம்? கையெழுத்தில்லாமல் திரும்பினால் போலித் தைலத்துக்குத் தடை உத்தரவு இல்லை. அநேகமாக எனக்கு வேலையும் இல்லை.

கவனித்தீர்களா? சாட்சியை எங்கள் நிறுவனத்தில் யாரும் பார்க்கவில்லை. சாட்சியம் தயார்! பெரிய நிறுவனங்களின் வழக்கம் அது. மாதிரி வரைவு ஒன்று இருக்கும், ஆங்கிலத்தில். பெயருக்கும் ஊருக்கும் கோடு விட்டிருக்கும். ஆளைப் பிடித்து நிரப்ப வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வட்டவளையில் இறங்கினேன். கையெழுத்தை உறுதிப்படுத்தி முத்திரை வைக்க, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரும் கூட வந்தார். அவர் சமாதான நீதவான். எல்லோரும் ஜே.பி. ஐயா என்பார்கள்.

சாட்சியின் பெயர் புஷ்பம். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். லயத்து வீட்டு வாசலில் இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டார். நான் கேட்குமுன்பே சின்ன மகளைக் கூப்பிட்டுச் சட்டையை விலக்கிக் காட்டினார். நெஞ்சில் தோல் உரிந்து, ஆறி, கறுத்த தழும்பு.

"சளிக்குத் தடவுனேன் மிஸ். ராவெல்லாம் எரியுது எரியுதுன்னு கத்துச்சு. நான் மருந்து வேல செய்யுதுன்னு இன்னும் கொஞ்சம் தடவுனேன்."

அதைச் சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை. "அத விக்கறத நிப்பாட்டணும். அதுக்கு எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன்."

ஒரு விதி இருக்கிறது. சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், கடதாசியில் இருப்பதை அவருடைய மொழியில் வாசித்து விளக்க வேண்டும். விளக்கினேன் என்று வாசித்தவர் கீழே கையொப்பமிட வேண்டும். வாசிப்பது நான்.

பெயர், ஊர், தொழில், வாங்கிய கடை... நான்கு பந்திகள், அதாவது நான்கு பாராக்கள், சிக்கலில்லாமல் போயின. ஐந்தாம் பந்திக்கு வந்தேன். வந்து, நின்றேன்.

தாண்டிப் போயிருக்கலாம். புஷ்பத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஜே.பி. ஐயாவோ முத்திரையை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வாசித்தேன் என்று கையொப்பமிடப் போகிறவள் நான். முழுவதையும் வாசித்தேன்.

"நான் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தோட்டக் கூலி. போதிய விளக்கம் இல்லாதவள். இலகுவில் ஏமாறக்கூடியவள். ஒரு போத்தலுக்கும் இன்னொரு போத்தலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் திறமை எனக்கு இல்லை."

புஷ்பம் கடதாசியை விரலால் தொட்டார்.

"மிஸ், இது யாரப் பத்தி?"

"உங்களப் பத்திதான்க்கா."

"யாரு சொன்னா?"

"கொழும்புல எழுதிக் குடுத்தாங்க."

"அவங்க என்னையப் பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"பாக்காமலே மக்குன்னு கண்டுபிடிச்சிட்டாங்களா? கெட்டிக்காரங்கதான்!"

கதவோரம் நின்ற கணவர் வாயைத் திறந்தார். "கூடவே இருக்கேன், எனக்கே இன்னும் சரியாப் புடிபடல."

"நீங்க சும்மா இருங்க" என்றார் புஷ்பம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் ஏழாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ மிஸ். அந்தக் கடையில சாமான் எல்லாம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கெடக்கு. எடுத்துப் பாக்க முடியுமா? கொக்குத் தைலம் ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. வெளிய மழ. வீட்டுல புள்ள இருமிக்கிட்டு கெடக்கு. வந்து பிரிச்சா பச்ச மூடி. தடவிட்டேன். நான் கேட்டது சரியாத்தான் கேட்டேன். மாத்திக் குடுத்தது அவரு. இதுல யார மக்குன்னு எழுதணும்?"

"அவர மக்குன்னு எழுத முடியாது. வெவரமான ஆளு" என்றார் கணவர். அவருக்கு மகளின் தழும்புதான் முக்கியம். "போட்டுரு புள்ள. அப்பத்தான் அந்தச் சாமான நிப்பாட்டுவாங்க. அவங்க என்னத்தையோ எழுதிட்டுப் போறாங்க."

"இவ நாளைக்கி இங்கிலீசு படிப்பா. அம்மா கையெழுத்துப் போட்ட கடதாசின்னு எடுத்துப் பாப்பா. அப்ப நீங்க பதில் சொல்வீங்களா?"

நான் கடதாசியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கீழே இறங்கி, கடைத்தெருவில் இருந்த கொமியூனிகேஷனிலிருந்து சீனியரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல நேரம்தான்!

"சேர், அஞ்சாம் பந்திய எடுக்கணும்."

"பிள்ளை, அதுதான் வழக்கின்ர முள்ளந்தண்டு. வாங்கிற ஆள் எவ்வளவு விளக்கமில்லாததோ எங்களுக்கு அவ்வளவு நல்லம்."

"அவங்க விளக்கமில்லாதவங்க இல்ல சேர்."

"உம்மட ஆக்கள் எண்டபடியால் உமக்குச் சுடுது. இது சட்டத்தின்ர பாஷை. ஒருத்தரையும் அவமானப்படுத்த எழுதினதில்லை. அவ அதை ஒருநாளும் வாசிக்கப் போறதுமில்லை."

"நான் வாசிச்சுக் காட்டிட்டேன் சேர்."

கட்டணம் காட்டும் மீட்டர் மட்டும் ஓடியது.

"முழுசாவோ?"

"முழுசா."

"ஏன் வாசிச்சனீர்?"

இந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. கெட்ட மனிதரல்ல அவர். உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

"வாசிச்சேன்னு நான்தானே சேர் கையெழுத்துப் போடணும்?"

"அந்தப் பந்தி இல்லாமல் நீர் கந்தோருக்கு வர வேண்டாம்."

தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுபடி மேட்டில் ஏறினேன். ஏறும்போது பயம் இருந்தது. வாசலை அடைந்தபோது கோபம் மட்டும்தான் மிச்சம். ஐந்தாம் பந்தியின் குறுக்கே கோடு போட்டேன். பக்கத்தில் புஷ்பம் சொன்னதை ஆங்கிலத்தில், கையால் எழுதினேன். திரும்பத் தமிழில் வாசித்தேன்.

"கொக்குத் தைலத்தைக் காட்டிக் கேட்டேன்..."

"காட்டல மிஸ். பேரு சொல்லிக் கேட்டேன்."

திருத்தினேன். திருத்தம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் சின்னதாகக் கையொப்பமிட்டார். கடைசியில் முழுப் பெயர். ஜே.பி. ஐயா முத்திரையை வைத்துவிட்டு, "நான் எத்தனையோ கடதாசிக்கு சீல் அடிச்சிருக்கேன். வாசிக்கக் கேட்டது இன்னைக்கித்தான்" என்றார்.

திங்கள் காலை, அலுவலகத்துக்கு வரக் கூடாது என்றாரே... நேரே நீதிமன்றத்துக்குப் போனேன். சீனியர் கடதாசியைப் புரட்டினார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாளையிலயிருந்து நீர்..." என்று தொடங்கினார். வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி சாட்சியின் தொழிலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு படிப்பறிவற்ற தோட்டத் தொழிலாளி இரண்டு பறவைகளைக் குழப்பிக்கொண்டால் அதற்கு என் கட்சிக்காரரா பொறுப்பு?"

அவரிடமும் அதே பெண்! எங்கள் வரைவில் இருந்த அதே முட்டாளை அவரும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பந்தி இருந்திருந்தால் அவர் அதையே வாசித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

சீனியர் கெட்டிக்காரர். ஒரு நொடி போதும் அவருக்கு. என் கையெழுத்தில் இருந்த பந்தியை நிதானமாக வாசித்தார். "அவர் பறவைகளைக் குழப்பவில்லை, கனம் நீதிபதி அவர்களே. கொக்கைப் பெயர் சொல்லிக் கேட்டார். கொடுக்கப்பட்டது வேறு. கேட்டவருக்கு மாற்றிக் கொடுக்க வசதியாகத்தான் அந்தப் போத்தலும் அந்த மூடியும்."

அன்று பிற்பகலே இடைக்காலத் தடை உத்தரவு கிடைத்தது. வட்டவளைக் கடையில் அந்தத் தைலம் இப்போது இல்லை, மகளும் சௌக்கியம் என்று பிறகு புஷ்பமே சொல்லியனுப்பினார்.

சீனியர்? நீதிமன்ற விறாந்தையில் நடந்துகொண்டே சொன்னார்: "இன்னும் கொஞ்சம் துப்பரவா எழுதியிருக்கலாம்." பாதியில் நின்ற அந்த வசனத்தை அவர் முடிக்கவேயில்லை. நான் மறுநாள் கந்தோருக்குப் போய் என் கதிரையில் உட்கார்ந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் அடுத்த வழக்கில், கரையோர மீனவர்கள் பற்றிய வரைவில், அதே பந்தி இருந்தது. 'கூலி' மட்டும் 'மீனவன்' ஆகியிருந்தது. கோடு போட்டேன். அதற்கடுத்ததில் விவசாயிகள். கோடு போட்டேன். "உமக்கு இது ஒரு வருத்தம்" என்றார் சீனியர். ஆமாம், தீராத நோய்தான் என்றேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். போலிக் கைப்பை வாங்கி ஏமாந்த கொழும்புச் சீமாட்டிக்காகவும் நாங்கள் வழக்காடியிருக்கிறோம். அவருடைய கடதாசியில் என்ன எழுதியிருந்தது? 'அவசரத்தில் வாங்கிய சாதாரண நுகர்வோர்.' அவர் ஏமாந்தால் அவசரம். புஷ்பம் ஏமாந்தால் அறிவீனம். எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது இது? தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

சீனியர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய மாதிரி வரைவு ஓய்வுபெறவில்லை. கணினியில் ஏறி, புதிய ஜூனியர்களின் கையில் சுற்றுகிறது. என் மேசைக்கு வரும் ஒவ்வொன்றிலும் ஐந்தாம் பந்தியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சட்டத்துக்கு ஒரு முட்டாள் கட்டாயம் தேவையென்றால் வேறு எங்காவது ஓடர் கொடுக்கட்டும்... எங்கள் மலையில் ஸ்டொக் இல்லை.