மீன்பெட்டி ஐஸ்

“...அதுவும் மீன்பெட்டிக்குள்ள கிடந்த ஐஸ். இது வளவுக்குள்ள வந்தா அம்மாள் சும்மா இருப்பாவா, நீயே சொல்லுகா” என்று வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றார் என் மச்சாள், கணவரின் அக்கா.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு நாக்கிலும் பல் முரசிலும் வெள்ளை வெள்ளையாகப் புண். மச்சாள் பார்த்தார், அம்மாள் வந்திருக்கிறா, இது அம்மை என்று முடிவு கட்டினார். வாசலில் வேப்பிலை ஏறியது. மீன் வாடையே வீட்டுக்குள் கூடாது, மருந்துக்கு ஓடுவதும் கூடாது. நானும் அதை நம்பியவள்தான்.

மூன்றாம் நாள் பிள்ளை பால்கூடக் குடிக்கவில்லை. மச்சாளுக்குச் சொல்லாமல் ஊரில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியிடம் தூக்கிப் போனேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்து, இது அம்மாள் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வைரஸ், ஒரு கிழமை பத்து நாளில் தானாக ஆறும் என்றார். “புண்ணுக்குப் பயப்படாத தங்கச்சி. தண்ணி இறங்காட்டித்தான் கரைச்சல்.” குளிரக் குளிரக் கரண்டியால் கொடுக்க வேண்டுமாம். பின்னேரத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் வாவிக்கு அக்கரையில் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குத்தான்.

அக்கரையில் காலையிலிருந்தே துவக்குச் சூட்டுச் சத்தம். ஆட்களை ஏற்றி இறக்கும் படகு நின்றுவிட்டது. எங்கள் கரையில் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கு. ஊரில் குளிராக இருந்த ஒரே சாமான், விடியப்புறப் படகில் உமி போட்டு மூடி வந்த மீன் வியாபாரியின் ஐஸ்தான். ஒரு துண்டைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அதோடும் இடுப்பில் பிள்ளையோடும்தான் படலையில் நின்றேன்.

“விடிஞ்சதிலிருந்து புள்ள ஒண்டுக்கு இருக்கல்ல மச்சாள்” என்றேன்.

அவர் பிள்ளையின் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாக்கை வாங்கி, படலைக்கு வெளியே ஒழுங்கைப் பாதை மணலில் ஒரு சட்டியை வைத்து ஐஸைக் கொட்டினார். ஒரு தம்ளரில் இளநீர் ஊற்றி அதற்குள் இறக்கினார். “ஐஸ் வெளியால கிடக்கட்டும். குளிர் மட்டும் உள்ளுக்கு வரட்டும்.”

தம்ளரைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளையை மடியில் போட்டார். முதல் கரண்டியை அவள் கதறித் துப்பினாள். அடுத்ததையும் துப்பினாள். ஐந்தாவதோ ஆறாவதோ உள்ளே போயிற்று. பிறகு அவளே வாயைத் திறந்தாள். தம்ளர் இரண்டு தரம் வெளியே போய் வந்தது.

வெயில் சாயும் நேரம் மச்சாளின் மடியில் சேலை சூடாக நனைந்தது. அம்மாள் இருக்கிற வீட்டில் கால் கழுவாமல் யாரையும் ஏறவிடாதவர், எழும்பவில்லை. ஈரத்தோடு பிள்ளையைச் சரியாக்கிக்கொண்டு, அடுத்த கரண்டியை அள்ளினார்.