வாசலில் நிறுத்திய ஆள்

வாயில் பல்துலக்கியோடு மடிக்கணினியைத் திறந்து, இரவில் இணையதளத்துக்குத் தாமாகவே வந்துபோன ‘பாட்’ இயந்திரங்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறார் சாம். பெயர்கள் அவரே வைத்தவை. நொடிக்குப் பத்து முறை வந்து தட்டுவது ‘பேஜாரு’. தொலைபேசி எண்களை மட்டும் கொத்திக்கொண்டு போவது ‘கோழி’. “வந்துட்டியா நைனா? தூங்கவே மாட்டியா நீ?” நுரை விசைப்பலகையில் சொட்டும். சட்டை நுனியால் துடைத்துக்கொள்வார்.

படூரில் மாடி வீடு. வயது நாற்பத்தொன்று. கடற்கரை விடுதிகள், இரண்டு கல்லூரிகள், ஒரு வாடகைக் கார்க்காரர் என்று பதினெட்டு இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது பிழைப்பு. வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தினால் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். பத்தொன்பதாவது தளத்துக்குக் கூலி கிடையாது. அது தங்கை ஜெனிஃபர் கட்டியது. ரத்தப் பிரிவையும் ஊரையும் தட்டினால், அக்கம்பக்கத்துக் கொடையாளர் இருவரின் எண் வரும். ஜெனிஃபர் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. தளம் ஓடுகிறதா என்று தினமும் பார்ப்பாரே தவிர, அவள் எழுதிய நிரலை அதன்பிறகு சாம் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் அந்தத் தளத்தில் இயந்திரங்களின் தொல்லை அளவு மீறியது. நெரிசல் குறையாவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவதாக, அதற்குத் தன் சர்வரில் இடம் கொடுத்திருந்த நிறுவனம் எழுதியது. சாம் தளத்துக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி சேவையை வைக்க முடிவு செய்தார். தளத்தின் பெயரை அதன் பக்கம் திருப்பிவிட்டால் போதும். உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை.

“இன்னாடா பண்ணிகினு கீற?” என்றார் அம்மா சந்திரம்மா.

“வாசல்ல ஒரு ஆள நிக்க வச்சிருக்கேம்மா. யாரு வந்தாலும் அவன்கிட்டதான் சொல்லணும். அவன் உள்ள போயி கேட்டுகினு வந்து குடுப்பான். திருட்டுப் பசங்கள அப்படியே தொரத்திடுவான்.”

“சம்பளம் இல்லாத ஆளு இந்த வூட்ல நான் ஒருத்திதான்னு நெனச்சேன்.”

ஞாயிறு விடியலில் மாற்றிவிட்டு இருவரும் ஆலயத்துக்குப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் பேஜாரும் இல்லை, கோழியும் இல்லை. “பாத்தியாம்மா, இன்னா அமைதி!” சாம் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

அப்போது தொலைபேசி அடித்தது. செங்கல்பட்டிலிருந்து கோதண்டராமன் என்று ஒருவர். தளத்தின் அடியில் கிடந்த உதவி எண்ணைத் தேடிப் பிடித்திருந்தார்.

“அண்ணாத்த, இன்னா சைட்டு இது? ஓ நெகட்டிவ் கேட்டா, ‘பலமுறை கேட்டுவிட்டீர்கள், பிறகு வாருங்கள்’னுது. நான் ஒரு தபாதான் கேட்டேன். எம் பொண்ணு ஆப்ரேசன் ரூம்ல கீதுபா.”

பட்டியலிலிருந்து நேராக இரண்டு எண்களை எடுத்துக் கொடுத்தார் சாம். அவற்றில் ஒன்றுக்கு உரியவர், நெம்மேலி கடல்நீர் ஆலையில் வேலை பார்க்கும் தமிழ்வாணன், பாதி வேலையில் கிளம்பிப் போனார். சாயங்காலம் கோதண்டராமன் கூப்பிட்டுச் சொன்னது ஒரே சொல்: “பொழச்சிகிச்சி.”

பிறகுதான் சாம் நிரலைத் திறந்தார். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் கேட்டால் கதவைச் சாத்திவிடும்படி எழுதியிருந்தாள் ஜெனிஃபர். எண் பொறுக்குகிறவர்களுக்காக அவள் வைத்த காவல் அது. இப்போது எல்லோருடைய கேள்வியையும் வாசலில் நின்ற ஆளே கொண்டுவந்தான். தளத்தின் கண்ணுக்கு ஒரே மனிதன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். வந்தவரின் சொந்த முகவரியையும் அந்த ஆள் ஒரு சீட்டில் எழுதித்தான் நீட்டுகிறான். அதை வாங்கிப் படிக்கத் தளத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரு வரி வேலை.

தளத்தின் பதிவேட்டைத் திறந்து எண்ணினார். கோதண்டராமன் போக, திருப்பி அனுப்பப்பட்டவை முப்பது. பி பாசிட்டிவ், திருக்கழுக்குன்றம். ஏ நெகட்டிவ், அணுபுரம். ஓ நெகட்டிவ், செய்யூர். தளம் சீட்டைப் படிக்காததால், கேட்டது யார் என்ற இடத்தில் முப்பது வரியிலும் ஒரே முகவரி, வாசல் ஆளுடையது.

“அவங்களுக்குல்லாம் கெடச்சிச்சான்னு கூப்ட்டுக் கேளேன்டா” என்றார் சந்திரம்மா.

“யார கூப்புட்றதும்மா?”

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாம், கேட்பவரின் முகவரியைப் பார்க்கும் தங்கையின் அந்த வரிக்கு வந்தார். அழிக்கும் விசையின்மேல் விரல் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு, இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகும்படி, அவள் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகளை மட்டும் போட்டுவிட்டு, அதற்குக் கீழே தன்னுடையதைத் தட்டத் தொடங்கினார்.